நடிகர் பணம் போட்டிருக்கிறார் என்றால், என்ன விலைக்கு?

"அந்த நடிகரே பங்கு வாங்கியிருக்காராமே, நாமளும் போடலாமுங்களா?" கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பமே கலைக்குடும்பம். 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் வந்தபோது, நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அப்பா, அத்தை, மாமா எல்லோரும் நடித்தார்கள். நானும் கல்லூரி முடிக்கும்வரை நடித்தேன். பிறகு நிதித்துறைக்கு வந்து, இன்று இன்வெஸ்ட்மென்ட் பேங்கராக நடுத்தரக் கம்பெனிகளுக்கு முதலீடு திரட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடிகரின் பெயர் பங்குதாரர் பட்டியலுக்குள் எப்படி வருகிறது? ஐபிஓவுக்கு, அதாவது கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதற்கு, சில மாதங்கள் முன்பு, கம்பெனி தெரிந்த சிலருக்கு மட்டும் புதுப் பங்குகளை ஒதுக்கும். அந்தச் சிலரில் ஒரு நடிகர் இருந்தால், வாட்ஸ்அப்பில் முதலில் ஓடுவது அவர் பெயர்தான். சிலர் கம்பெனியை நன்றாகப் படித்துவிட்டுப் பணம் போடுகிறார்கள். இன்னும் சிலருக்கு அது அவர்களுடைய பணத்தை நிர்வகிப்பவர் கொண்டுவந்து நீட்டிய இருபது காகிதங்களில் ஒன்று. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் கேரவனில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால்கூட அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே அவர் போட்டாரா என்பதை விட்டுவிடுங்கள். என்ன விலைக்குப் போட்டார், எப்போது வெளியே போகலாம் என்று கேளுங்கள். அவருக்கு 40 ரூபாய்க்குக் கிடைத்த பங்கு உங்களுக்கு 110 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அது 60 ரூபாய்க்கு இறங்கினாலும் அவர் லாபத்தில்தான் இருப்பார், உங்கள் பணமோ கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும். நடுவில் போனஸ் பங்கு கொடுத்திருந்தால் அவருடைய அடக்க விலை இன்னும் குறையும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஐபிஓவுக்காகக் கம்பெனி வெளியிடும் ப்ராஸ்பெக்டஸ் என்ற விவர ஆவணத்தில் மூலதனக் கட்டமைப்பு என்றொரு பகுதி உண்டு. யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பங்கு, என்ன விலைக்கு என்று அங்கே அட்டவணையாகவே இருக்கும். எஸ்எம்இ எனப்படும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளின் ஐபிஓக்களில், புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி நடத்தும் முதலாளி) அல்லாத பழைய பங்குதாரர்களின் பங்கு ஒரு வருடம் விற்க முடியாதபடி லாக்-இன்னில் இருக்கும். அந்த ஒரு வருடம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், விற்பனை அழுத்தம் வரக்கூடிய நாள் அது.

சில வருடங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரி முதலாளி என்னிடம் வந்தார். பம்ப்செட்டுக்கு வார்ப்புகள் செய்பவர், உழைப்பாளி. எஸ்எம்இ சந்தையில் லிஸ்ட் செய்ய ஆசை. இரண்டே வருடத்தில் விற்றுமுதல் இரண்டு மடங்காகியிருந்தது. "ஏனுங் தம்பி, உங்க மாமாவ ஒருக்கா ரோட்ஷோவுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னாப் போதுமுங்க. அவரு மூஞ்சியப் பார்த்தாலே சனம் தானா வந்துருமுங்க" என்றார். மாமா வருவது இருக்கட்டும், ஃபவுண்டரியின் உயர் அழுத்த மின்சார (எச்டி) கனெக்‌ஷனின் இரண்டு வருட கரண்ட் பில்லைக் கொடுங்கள் என்றேன்.

ஃபவுண்டரியில் கரண்ட் பில் பொய் சொல்லாது. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் வேண்டும். விற்ற டன் இரண்டு மடங்கு என்றால் யூனிட்டும் அந்த அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். இங்கே கொஞ்சம்தான் ஏறியிருந்தது. வெளியில் ஜாப் ஒர்க் கொடுத்துச் செய்தோம் என்றார்கள். சரி, சரக்கு போன இ-வே பில்களை (வண்டியில் சரக்கு அனுப்ப எடுக்கும் ஜிஎஸ்டி ஆவணம்) பார்ப்போம் என்று வண்டி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். லாரி என்று போட்டிருந்த எண்களில் சில டூவீலருடையவை. உறவினர் பெயரில் இருந்த மூன்று நிறுவனங்களுக்குள் பில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. நாங்கள் அந்த வேலையை எடுக்கவில்லை. யாரோ ஓர் ஆலோசகர் 'விற்றுமுதலைக் காட்டினால்தான் விலை கிடைக்கும்' என்று ஏற்றிவிட்டதன் விளைவு அது. நல்ல தொழிலை வைத்திருந்த மனிதருக்கு அப்படி ஓர் அறிவுரை கிடைத்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சினிமா செட்டில் அரண்மனைக்குப் பின்பக்கம் போனால் சவுக்குக் கம்பும் பிளைவுட்டும்தான் நிற்கும். அங்கே ஓடி விளையாடி வளர்ந்ததாலோ என்னவோ, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முன்பக்கத்து ரிசப்ஷனைவிடக் குடோனின் பின்வரிசையைத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

முகத்தைப் பார்த்து ஏமாறுவது நம் ஊருக்குப் புதிதல்ல. பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு பண்ணைத் திட்டங்களின் விளம்பரங்களிலும் சினிமா முகங்கள் வந்தன. 2012இல் அவை சரிந்தபோது பணம் இழந்தவர்கள் தோட்டத்தை அடமானம் வைத்தவர்களும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்தவர்களும்தான்.

கூட்டம் சேர்வதும் தரத்துக்கு அடையாளம் இல்லை. 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூமும் 8 ஊழியர்களும் கொண்ட ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் 12 கோடி ரூபாய் திரட்ட வந்தது, விண்ணப்பங்களோ 4,700 கோடிக்கு மேல். அடுத்த மாதமே டிராஃபிக்சால் என்ற நிறுவனத்தின் ஐபிஓவுக்கு 345 மடங்கு விண்ணப்பம் குவிந்தது. திரட்டும் பணத்தில் யாரிடம் மென்பொருள் வாங்கப் போவதாகச் சொன்னதோ, அது பெயரளவிலான ஷெல் கம்பெனி என்று தெரியவர, பணத்தை முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரும்படி பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி டிசம்பரில் உத்தரவிட்டது. லிஸ்ட் ஆவதற்கு முன்பே பிடிபட்டதால்தான் மக்கள் தப்பித்தார்கள்.

அதன்பின் எஸ்எம்இ ஐபிஓ விதிகள் இறுகியிருக்கின்றன. கம்பெனி கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டிலாவது 1 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் காட்டியிருக்க வேண்டும். திரட்டும் தொகையில் 20 சதவீதத்துக்கு மேல் பழைய பங்குதாரர்கள் விற்கும் பங்காக இருக்கக் கூடாது. அந்தப் பணத்தை வைத்துப் புரமோட்டர் கொடுத்த கடனை அடைக்கவும் முடியாது. சிறு முதலீட்டாளர் விண்ணப்பமே இப்போது 2 லட்ச ரூபாய்க்கு மேல்தான். ஆனாலும் எஸ்எம்இ ஆவணத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பது பங்குச் சந்தைதான், செபி அல்ல. 'செபி அப்ரூவ்டு' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஐபிஓவைக் கொண்டுவரும் மெர்ச்சன்ட் பேங்கரின் பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் பார்த்து, அவர் இதற்கு முன் கொண்டுவந்த பங்குகள் இன்று என்ன விலையில் இருக்கின்றன என்று தேடுங்கள். அந்தப் பட்டியலும் ப்ராஸ்பெக்டஸிலேயே இருக்கிறது. நடிகர் பேசுவதுபோல வரும் டிரேடிங் ஆப் வீடியோக்கள் பெரும்பாலும் டீப்ஃபேக், அதாவது கணினியில் செய்த போலி. பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

நடிப்புத் தொழிலில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. விளம்பர ஒப்பந்தத்தில் 'வசனம் கம்பெனி கொடுத்தது, கலைஞர் பொறுப்பல்ல' என்ற ஒரு வரி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 10 லட்சம் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. ஒரு வருடம் விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். விளம்பரத்தில் சொன்னதை அவர் சரிபார்த்தார் என்று காட்டினால் மட்டுமே விலக்கு. என் அத்தை மகள் இப்போது நிதி நிறுவன விளம்பரம் எது வந்தாலும் எனக்கு அனுப்புகிறாள். போன வருடம் வந்த ஒன்றுக்கு, கடைசி மூன்று வருட ஆடிட் கணக்கும் பதிவுச் சான்றும் கேட்டு எழுதச் சொன்னேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள், ஃபோன் செய்து 'மேடம், ரெண்டு நாள் ஷூட்டுக்கு எதுக்கு இதெல்லாம்' என்றார்கள். அன்று சாயங்காலமே அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.