சைகைமொழிச் சுற்று

அருங்காட்சியகத்தின் வடிவமைப்புக் கண்காட்சியைக் காது கேளாதோருக்குச் சைகைமொழியில் விளக்கிக் காட்டும் 'சைன் லாங்குவேஜ் டூர்' என்பதை 'சைகைமொழிச் சுற்றுலா' என்று எழுதுவது பொருந்தாது. சுற்றுலா என்றால் ஊர்விட்டு ஊர் போய்வருவது. அருங்காட்சியகக் கூடத்தில் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று விளக்கம் பெறுவதற்கு 'சுற்று' என்பதே போதும். டூரின் வேரும் அதுதான்: சுழற்றிக் கடையும் கருவியைக் குறித்த 'தோர்னோஸ்' என்ற கிரேக்கச் சொல், லத்தீன், பிரெஞ்சு வழியாக இப்படித் திரிந்தது.

சைன், டிசைன் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. லத்தீனில் 'சிக்னும்' என்றால் குறி. குறித்துக் காட்டுவது சைன், குறித்து வரைவது டிசைன். தமிழில் 'சைகை காட்டினான்' என்றால் வெறும் கையசைப்பாகவும் இருக்கலாம். சைகைமொழியோ இலக்கணம் உள்ள முழு மொழி. கைவடிவம், கை நிற்கும் இடம், அசைவு ஆகியவற்றால் ஒவ்வொரு சைகையும் அமைகிறது என்று அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் நிறுவினார். பேச்சுமொழியைக் கையில் எழுதிக்காட்டுவதன்று அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் இரு நாட்டுச் சைகைமொழிகளும் வேறு வேறு. அறிவிப்பில் எந்த நாட்டுச் சைகைமொழி என்று சொல்லாவிட்டால் வருபவர் ஏமாந்துபோவார்.

காது கேளாத வழிகாட்டி நேரடியாகச் சைகைமொழியில் நடத்துவது ஒரு வகை. வழிகாட்டி பேச, மொழிபெயர்ப்பாளர் சைகையில் தருவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அறிவிப்பது தவறு. முன்னதில் கேள்வியும் பதிலும் தடையின்றி ஓடும். பின்னதில் மொழிபெயர்ப்பாளர் சில நொடிகள் பின்தங்கியே வருவார், மாற்றிக்கொள்ள இருவர் தேவை. 20 முதல் 30 நிமிடத்துக்குமேல் ஒருவரே தொடர்ந்தால் பிழைகள் கூடும்.

கண்காட்சி சூழலியல் வடிவமைப்பு, அதாவது சூழலைக் கெடுக்காத பொருள்களை வடிவமைப்பது பற்றியது என்றால், சிக்கல் கலைச்சொல்லில்தான். 'மக்கும்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் ஆள்கிறோம். நுண்ணுயிரிகளால் என்றாவது சிதைவது ஒன்று. குறித்த காலத்தில் உரமாவது மற்றொன்று. ஐரோப்பாவின் இ.என். 13432 தரப்படி, உரமாகும் பொதியுறை 12 வாரத்தில் துண்டாகி, 2 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தங்கக்கூடாது. இந்த வேறுபாடு தெரியாத மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் ஒரே சைகை தருவார், அல்லது விரலெழுத்தில் எழுத்தெழுத்தாகக் காட்டுவார். அப்போது சொல் போய்ச்சேரும், பொருள் சேராது. எது சிதைகிறது, எதனால், எதுவாக மாறுகிறது என்று செயலைக் காட்டினால்தான் விளங்கும். காட்சி உரைகளையும் சொற்பட்டியலையும் இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பிரிட்டிஷ் சைகைமொழிக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் சென்சரி சென்டர் 2023-இல் ஏறத்தாழ 200 சூழலியல் சைகைகளைச் சேர்த்தது. அத்தகைய தொகுப்பு இருந்தால் அதையே பின்பற்றலாம், அவசரத்துக்குப் புதுச் சைகை புனைய வேண்டாம்.

கண் ஒரே நேரத்தில் பொருளையும் கையையும் பார்க்காது. முதலில் விளக்கம், பிறகு கை தாழ்த்தி, பார்க்க நேரம், அதன்பின் கேள்வி. வழக்கமான சுற்றில் 10 நிறுத்தம் என்றால் இதில் 6 போதும். பார்வையாளர் அரைவட்டமாக நிற்கட்டும்.

இயற்கை நாரும் துணியும் உள்ள கூடத்தில் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற குறைந்த அளவிலேயே இருக்கும், முகக்குறிப்பு மங்கிவிடும். கூட விளக்கைக் கூட்டினால் சாயம் வெளுக்கும். சைகை காட்டுபவர்மேல் மட்டும் விழுமாறு தனி விளக்கு வையுங்கள், அவர் முதுகுப்பக்கம் ஜன்னல் வேண்டாம்.