இளைஞர் பரிமாற்ற மானியம்: பணம் யாருக்கு, எதற்காகத் தரப்படுகிறது?

இளைஞர்களை அயல்நாட்டுக்கு அனுப்பிப் பழகவும் கற்கவும் வைக்கும் பன்னாட்டு இளைஞர் தலைமைத்துவப் பரிமாற்றத் திட்டங்களுக்கு மானிய விண்ணப்பம் எழுத அமைப்புகளுக்கு உதவுவதும், பிறர் எழுதியவற்றை மதிப்பிடுவதும் என் தொழில். இத்துறையில் இருப்பவரிடம் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இந்த மானியத்துக்கு நான் எப்படி விண்ணப்பிப்பது?" என்பதைத்தான். பெரும்பாலான திட்டங்களில் தனி ஒருவர் மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பணம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ வழங்கப்படுகிறது. அந்த அமைப்புதான் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அழைத்துச் சென்று, கணக்கு ஒப்படைக்கிறது. அமைப்பு பணத்துக்கு விண்ணப்பித்துப் பல மாதங்கள் கழிந்த பிறகே இளைஞர் அத்திட்டத்தில் ஓர் இடத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

இந்த வேறுபாட்டை அறியாதவர்களைக் குறிவைத்தே, "முழு நிதியுதவியுடன் உலக இளைஞர் தலைவர் மாநாடு" என்ற பெயரில் அழைப்புகள் உலவுகின்றன. விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், தேர்வான பின் "இட உறுதிக் கட்டணம்" என்று தவணை தவணையாகக் கறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதியில் பிற நாட்டுப் பள்ளி மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் ஃபிளெக்ஸ், யெஸ் ஆகிய திட்டங்களில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. சிறு பங்களிப்புத் தொகை கேட்கும் நேர்மையான அமைப்புகளும் உண்டு என்பதால், கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால், மானியம் வழங்கியது யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மறுப்பதும், தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தச் சொல்வதும் தயங்காமல் விலகிக்கொள்ள வேண்டிய அறிகுறிகள். அமெரிக்கக் கூட்டரசு தரும் மானியங்களும், கல்விக்கும் இளைஞர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் பிளஸ் திட்டங்களும் பொதுத் தரவுத்தளங்களில் பெறுநரின் பெயருடன் வெளியிடப்படுகின்றன. அழைப்பில் உள்ள அமைப்பின் பெயரை அங்கே தேடிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

அரசுகள் இதற்கு ஏன் செலவழிக்கின்றன என்பது விளங்கினால் விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும் என்பதும் விளங்கிவிடும். முக்கால் நூற்றாண்டுக்குள் மூன்று போர்களில் மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும், பிரெஞ்சு அதிபர் தெ கோலும் மேற்கு ஜெர்மன் சான்சலர் அடனாவரும் 1963 ஜனவரியில் கையெழுத்திட்ட எலிசே ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அதே ஆண்டிலேயே இரு அரசுகளின் நிதியில் இயங்கும் ஒரு கூட்டு இளைஞர் அலுவலகத்தை அமைத்தன. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் 1992இல், அதிலிருந்து பிரிந்த நாடுகளின் மாணவர்களுக்காக ஃபிளெக்ஸ் திட்டம் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக யெஸ் திட்டம் வந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அரசியல் கவலை இருக்கிறது. ஓர் இளைஞர் அயல்நாட்டில் கழித்த சில வாரங்களுக்காக மட்டும் அரசுகள் பணம் தருவதில்லை. அவர் திரும்பிய பின் தன் ஊரில் எதைப் பேசுவார், எதைத் தொடங்குவார், யாரோடு தொடர்பில் இருப்பார் என்பதற்காகவே தருகின்றன. அமெரிக்கச் சட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: அரசு நிதியில் ஜே-1 எனப்படும் பரிமாற்றப் பங்கேற்பாளர் விசாவில் வருபவர், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பிறகே, அல்லது அதற்கு விலக்கு பெற்ற பிறகே, நிரந்தரக் குடியேற்ற விசாவும் சில வகை வேலை விசாக்களும் பெற முடியும். இத்திட்டங்களை வெளிநாட்டில் குடியேறுவதற்கான வாசலாக எண்ணி வரும் பெற்றோர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆகவே ஒரு விண்ணப்பத்தைத் திறந்ததும் நோக்கவுரைக்கு முன்பாகவே வரவு செலவுப் பட்டியலைப் படித்துவிடுவேன். நோக்கவுரையில் எல்லோரும் நல்லவர்களே. பட்டியலில் விமானக் கட்டணம், தங்குமிடம், அரங்க வாடகை, பதாகை, பெயர் அச்சிட்ட சட்டை, புகைப்படக் கலைஞர் என ஒவ்வொன்றுக்கும் துல்லியமான தொகை இருக்கும். கடைசி வரிசையில் "தொடர் நடவடிக்கைகள்" என்று எழுதி, அதற்கு நேரே சுழியம் இட்டு, குறிப்புப் பத்தியில் "தன்னார்வ அடிப்படையில்" என்று சேர்த்திருப்பார்கள். அதே விண்ணப்பத்தின் வேறொரு பக்கத்திலோ, பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் நாடு திரும்பி ஐம்பது பேருக்குப் பயிற்சி தருவார் என்ற உறுதிமொழி இருக்கும். அந்த ஐம்பது பேரைத் திரட்டுவது யார்? இடத்துக்கு யார் வாடகை தருவது? திரும்பி வந்த நான்காம் மாதம் பங்கேற்பாளரைத் தொலைபேசியில் அழைத்து "என்ன ஆயிற்று?" என்று கேட்கும் ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சட்டைக்கு இருந்த அக்கறையில் பாதி இதற்கு இருந்திருந்தால் தேறியிருக்கக்கூடிய விண்ணப்பங்கள் பல.

இது என் சொந்த விருப்பு வெறுப்பும் அல்ல. எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். 13 முதல் 30 வயதினர், பயண நாள்கள் நீங்கலாக 5 முதல் 21 நாள்கள், வழக்கமாக 16 முதல் 60 பங்கேற்பாளர்கள் என்பவை வெளித்தெரியும் விதிகள். மதிப்பீட்டில் திட்டத்தின் பொருத்தத்துக்கும் தாக்கத்துக்கும் 30 மதிப்பெண், வடிவமைப்பின் தரத்துக்கு 40, நிர்வாகத்தின் தரத்துக்கு 30. மொத்தம் 60 எடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிரிவிலும் பாதியாவது எடுத்தாக வேண்டும். உணர்ச்சி பொங்க எழுதி முதல் பிரிவில் முழு மதிப்பெண் வாங்கினாலும், பொறுப்புப் பகிர்வையும் பின்தொடர்தலையும் இரண்டு வரியில் முடித்துவிட்டால் மூன்றாம் பிரிவில் விழுந்துவிடலாம். திட்டம் முடிந்த பிறகு இறுதி அறிக்கைக்கும் மதிப்பெண் உண்டு. அது குறைந்தால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொகையே குறைக்கப்படலாம்.

செலவுகளில் சிறிய அமைப்புகள் கூச்சத்தாலேயே இழப்பது மறைமுகச் செலவு. அலுவலக வாடகை, மின்சாரம், கணக்காளர் போன்ற பொதுச் செலவுகளில் ஒரு பங்கைத் திட்டத்தின் மீது ஏற்ற விதிகள் அனுமதிக்கின்றன. இதற்கான விகிதத்தை அரசுடன் தனியாகப் பேசி முடிக்காத அமைப்பும், அமெரிக்கக் கூட்டரசு மானியங்களில் நேரடிச் செலவின் (திட்டத்துக்கென்றே ஆகும் செலவின்) குறிப்பிட்ட அடிப்படைத் தொகைமீது 15 சதவீதம் வரை கேட்கலாம். 2024 அக்டோபருக்கு முன் இது 10 சதவீதமாக இருந்தது. கேட்காமல் விடுவது தியாகமாகத் தோன்றலாம். மதிப்பீட்டாளருக்கோ, தன் உண்மைச் செலவையே அறியாத அமைப்பு என்ற ஐயம்தான் எழும். அதேபோல், விருந்தோம்பும் குடும்பங்களின் வீட்டில் தங்குவதையும் தன்னார்வலர்களின் உழைப்பையும் இணைப்பங்காக, அதாவது மானியத்தோடு அமைப்பு தன் பக்கத்திலிருந்து சேர்க்கும் பங்காகக் காட்டினால், அவற்றின் மதிப்பை எப்படிக் கணக்கிட்டோம் என்பதற்கும், யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதற்கும் ஆவணம் இருக்க வேண்டும். தாராள மனத்தோடு எழுதிய இணைப்பங்கு ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் பிறகு அது கடமை.

விசாவைப் பற்றி ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களும் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகின்றன. தேர்வு முடிவுக்கும் பயணத்துக்கும் இடையில் தூதரக நேர்காணலுக்குப் போதிய காலம் விடாத அட்டவணை, பார்த்த மாத்திரத்திலேயே நம்பிக்கையைக் குலைக்கிறது. மாற்றுப் பங்கேற்பாளர் பட்டியல், தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டு, விசா மறுக்கப்பட்டவரின் செலவை ஏற்பதற்கான முடிவு ஆகியவை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், காப்பீடும், புகார் செய்யும் வழியும் சேரும். பயணம் தொடங்கியதும் விமான ஏறு அனுமதிச் சீட்டுகளையும் நாள்தோறும் கையெழுத்திட்ட வருகைப் பட்டியலையும் வாங்கி வைக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுவது நல்லது. ஊர் திரும்பிய இருபது வயது இளைஞரிடம் மூன்று மாதம் கழித்து அந்தச் சீட்டைக் கேட்டால் கிடைக்காது.

நான் அதிகம் வலியுறுத்துவது கையிருப்பைப் பற்றி. மானியம் கிடைத்தது என்றால் பணம் கைக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. பல நிதியாளர்கள் ஒரு பகுதியை முன்பணமாகத் தந்து, மீதியை இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே விடுவிக்கிறார்கள். சிலர் செலவழித்ததைத் திருப்பித் தருவதோடு சரி. இடைப்பட்ட மாதங்களை அமைப்பு தன் பணத்தில் ஓட்ட வேண்டும். பெரிய அரசுகளின் பணமும் நிற்கக்கூடும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, பங்கேற்பாளர்கள் அயல்நாடுகளில் இருக்க, அவர்களைப் பராமரிக்கும் நிறுவனங்கள் சில தம் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பும் நிலைக்குத் தள்ளப்பட்டன. அவற்றுள் பல்லாண்டு அனுபவம் உள்ளவையும் இருந்தன.

எனவே முதன்முறை முயலும் அமைப்பு, அனுபவமுள்ள ஒன்றின் கூட்டாளியாகச் சேர்ந்து, ஒரு நாட்டுக் குழுவுக்கு மட்டும் பொறுப்பேற்பதே என் பரிந்துரை. அப்போதும் கூட்டாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பணம் எந்தத் தேதியில் எத்தனை பகுதிகளாக வரும், நடுவில் நிதி நின்றால் வெளிநாட்டில் இருக்கும் பங்கேற்பாளரைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செலவு உங்கள் அமைப்பைச் சேரும் என்றால், குழுவினர் அனைவரும் திரும்புவதற்கான பயணக் கட்டணத்தை வங்கியில் ஒதுக்கி வைத்த பிறகே முதல் பங்கேற்பாளரைத் தேர்ந்தெடுங்கள்.