மாத்திரை முடிந்த மறுநாள்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், வயது 61, போன வருஷம் பிசியோதெரபிஸ்டான என்னிடம் வந்தார். ஆறு மாதக் காசநோய் மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே மண்வெட்டியோடு தோப்புக்குப் போயிருக்கிறார். ஒரு மரத்துக்குப் பாத்தி கட்டுவதற்குள் கண் இருட்டி, மோட்டார் கொட்டாயில் படுத்தவரை மகன் வண்டியில் ஏற்றி வந்திருக்கிறான். டாக்டர் எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார். "நோய்தான் போயிடுச்சே சார், அப்புறம் ஏன் இப்படி?" என்றார் வந்ததும்.

ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டேன். இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். முதல் தடவையே அவர் கை தானாக முட்டிக்கு இறங்கியது. "கையை எடுங்கண்ணா" என்றேன். முன்னால் சாய்ந்து, பல்லைக் கடித்து எழுந்தார். மொத்தம் 7 முறை. அவர் வயது ஆணுக்கு 14-க்குக் குறைந்தாலே கால் பலம் போதாது என்று அர்த்தம். எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன், இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

நுரையீரலுக்கு மருந்து கொடுத்தார்கள், அது தேறிவிட்டது. தொடைக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் 5 பேரை மூன்றே வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரைச் சோதித்தபோது, வயதானதால் இறங்கிய அளவு அந்த மூன்று வாரத்தில் இறங்கியதைவிடக் குறைவாக இருந்தது! நோயே இல்லாத பிள்ளைகளுக்கு இந்தக் கதி என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்து மாதக்கணக்கில் படுத்தவர் நிலைமையை யோசியுங்கள்.

நம் ஊரில் இதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். "உடம்பு அலுங்கக்கூடாது, படு" என்று வீட்டில் அத்தை சொல்வார். "வேர்க்க வேர்க்க வேலை செஞ்சா தானா சரியாயிடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். இரண்டிலும் ஆட்கள் கெட்டுப்போய் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

தோப்புக்காரருக்கு முதல் வாரம் நான் கொடுத்தது சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. கட்டிலிலிருந்து எழும்போது இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவது 5 முறை, காலையும் மாலையும். அப்புறம் நடை, தடவைக்கு 5 நிமிஷம், அதுவும் வீட்டு வாசலிலேயே முன்னும் பின்னும். ரோட்டில் நேராகப் போக வேண்டாம் என்றேன், போன தூரம் திரும்பி வர வேண்டுமே! நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு 7 மணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். நடக்கும்போது பேச்சு தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். நாடி எண்ணுவதை நான் பெரிதாக நம்புவதில்லை, பிரஷருக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாது.

நான் அதிகம் நம்புவது மறுநாள் காலையை. நடந்து முடித்த அன்று உற்சாகத்தில் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருந்தால் அதே அளவைத் தொடரலாம். நாலைந்து நாள் அப்படிப் போனால் இரண்டு நிமிஷம் கூட்டலாம். அடித்துப்போட்ட மாதிரி இருந்தால் நேற்று செய்தது அதிகம்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள் என்று அட்டவணை எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் நடந்தால் மூன்று நாள் படுக்கை, தலை மந்தம், வகுப்பில் பிள்ளைகள் பெயர்கூட ஞாபகம் வரவில்லை என்றார். சோம்பல் என்று நினைத்து இன்னும் நெருக்கினேன், இன்னும் மோசமானார். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு உழைப்பே நோயைக் கிளறிவிடும், அதுவும் ஒருநாள் இரண்டு நாள் தாமதமாக. இப்படி நாள்பட்ட கடும் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அட்டவணை போட்டு ஏற்றிக்கொண்டே போகும் உடற்பயிற்சி கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021 அக்டோபரில் வழிகாட்டுதலையே மாற்றியது. அந்த அம்மாவுக்கு அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நடுவில் ஓய்வு வைத்தோம்.

நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திரும்பக் காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாரடைப்போ இதய அறுவை சிகிச்சையோ ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் தொடங்கக்கூடாது.

சாப்பாட்டில் ஒரு சண்டை எப்போதும் எனக்கு உண்டு. தேறி வருபவருக்கு மாதக்கணக்கில் இட்லியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்தால் சதை எதிலிருந்து வளரும்? நோயிலிருந்து எழுந்த வயதானவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். களிக்குத் தொட்டுக்கொள்ள கொள்ளுக் கடைசல், மதியம் பருப்பு, ராத்திரி முட்டை என்று எல்லாப் பக்கமும் சேர்த்தால்தான் கணக்கு நிறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காக தினமும் பஸ் ஏறி வர முடியாதவர்கள் அதிகம். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. பிரஷர், சுகர் மாத்திரையோடு அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தோப்புக்காரர் மூன்றாவது மாதம் நாற்காலியில் 13 வரை வந்தார். சீசனில் போன் செய்து, மாங்காய்ப் பெட்டி, அதாவது கிரேட் தூக்கலாமா என்று கேட்டார். பாதி காயோடு தூக்குங்கள் என்றேன். "பாதி கிரேட்டைத் தூக்கிட்டுப் போனா மண்டியில சிரிப்பாங்க சார்" என்றார். சரி, மகனை மறுபக்கம் பிடிக்கச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காலை 6 மணிக்கே போன் வந்தது. "வலி இல்ல சார். பையனுக்குத்தான் இடுப்பு பிடிச்சுக்கிச்சு."