பறவைத் திருவிழாவில் வேட்டு எதற்கு?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அட்டைப்பெட்டியோடு இரண்டு பையன்கள் என் கால்நடை கிளினிக் வாசலில் நின்றார்கள். உள்ளே ஒரு சங்குவளை நாரைக் குஞ்சு. உடம்பெல்லாம் வெள்ளைத் தூவி, அலகு மட்டும் கறுப்பு. பெட்டியைத் திறந்ததுமே பயத்தில் பாதி செரித்த மீன்களைக் கக்கியது. காலையில் தாய் ஊட்டியதெல்லாம் அட்டையில் கிடந்தது. இடது கால் முறிந்து தொங்கியது.

"எங்கடா விழுந்துச்சு?"

"கண்மாய்க் கரையில சார். பறவைத் திருவிழா நடக்குதுல்ல, வேட்டு போட்டாங்க."

அந்த விழா மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு நான் பேச வேண்டும். முந்தின வருடமும் அதே கரையில், அதே மைக் செட்டில் பேசியவன்தான் நான். அதனால் நடத்தியவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குஞ்சு மூன்றாம் நாள் இறந்துபோனது.

வேட்டுச் சத்தம் கேட்டால் கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். சின்னக் குஞ்சுகளுக்குத் தன் உடல் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது. தாய் வெயிலுக்கு முதுகைக் காட்டி, சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டே நிற்கும். அது எழுந்து போன நேரத்தில் வெயில் ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம். கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகள் மிரண்டு கூட்டின் விளிம்புக்கு வந்து தவறி விழும். என்னிடம் வருபவை பெரும்பாலும் இவைதான். வழியில் யாராவது "பாவம், தாகமா இருக்கும்" என்று வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். துணியால் மூடி, அலகை உங்கள் கண்ணுக்கு எட்டாமல் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, பறவைக்காக ஊர் கூடுவதே தப்பா? இல்லவே இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி சரணாலயத்தின் கண்மாய்கள் அங்கேதான். 1977இல் அறிவிக்கப்பட்டது, மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வேட்டு போடுவதில்லை. கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் அப்படித்தான். தீபாவளிக்கு வனத்துறை போய் இனிப்பு கொடுத்துவிட்டு வரும். அங்கே மேடையும் பேனரும் கிடையாது. ஊரே சத்தம் போடாமல் இருப்பதுதான் விழா.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஒரு படி மேலே. நாரைகள் குளத்து மரங்களோடு நிற்காமல் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டும். எச்சம், மீன் கவுச்சி, விடிய விடிய அலகு தட்டும் சத்தம், எல்லாமே வீட்டுக்காரர் தலையில்தான். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் ஓட்டுக்கூரையைக் கழுவுகிற அம்மாவிடம் போய் 'உரம்' என்று சொல்லிப் பாருங்கள்!

இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தவர் அசாமின் காட்டுயிர் ஆய்வாளர் பூர்ணிமா தேவி பர்மன். அங்கே ஹர்கிலா என்று ஒரு பெரிய நாரை உண்டு. ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, குப்பைமேட்டில் இரை தேடும். வீட்டுத் தோட்டத்து மரத்தில் கூடு கட்டி அழுகின இறைச்சியைக் கீழே சிந்தும். அபசகுனம் என்று மரத்தையே வெட்டினார்கள். அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டு ஒன்பது குஞ்சுகள் விழுந்ததைப் பார்த்தவர் பூர்ணிமா. பிரசங்கம் எடுபடாது என்று புரிந்துகொண்டு ஊர்ப் பெண்களைக் கூட்டி ஹர்கிலாவுக்கு வளைகாப்பு நடத்தினார். அவர்கள் ஊர் முறைப்படி, பாட்டோடு, பலகாரத்தோடு. கர்ப்பிணிக்குச் செய்கிற சடங்கைப் பறவைக்குச் செய்த கையால் அதன் மரத்தை வெட்ட முடியுமா? பெண்கள் ஹர்கிலா உருவத்தைத் துணியில் நெய்து விற்கிறார்கள். கூட்டுக்குக் கீழே வலை கட்டுகிறார்கள். அந்தக் கிராமங்களில் 28ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. எனக்கு விருதைவிட அந்த வலைதான் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் ஊர் விழாக் குழுவிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுளித்தாலும் கேட்டார்கள். இந்த வருடம் மேடை பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனது. வேட்டு இல்லை, பலூன் இல்லை. கரைக்குப் பத்துப் பத்துப் பேராக, அதிகாலையில். பிள்ளைகள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பட்டியல் போட்டார்கள். 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடப்பதுதான்: குறைந்தது பதினைந்து நிமிடம் பறவைகளைக் கவனித்து, பார்த்ததை எண்ணி எழுத வேண்டும். பதினைந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

மைதானத்தில் முன்வரிசை நாற்காலியைக் கரையோரத்து ஆச்சி ஒருவருக்குப் போட்டிருந்தோம். அவர் வீட்டுப் புளியமரத்தில் நாரைக் கூடுகள். மைக்கை வாங்கி ஆச்சி கேட்டார்:

"எம் மரத்துல பதினோரு கூடு இருக்கு. போன வருசம் மூணு குஞ்சு விழுந்துச்சு, நாயி தூக்கிட்டுப் போயிருச்சு. அன்னிக்கு நீங்கள்லாம் எங்கிட்டு இருந்தீங்க?"

யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் கண்மாய் மீன் குத்தகைக்காரரிடம் பழைய நைலான் வலை ஒன்றை வாங்கி, கிளைக்கு எட்டாமல் இடுப்புயரத்தில் மரத்தடியில் கட்டினோம். எந்த மூலையில் இழுத்துக் கட்டணும் என்று ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.