மூளைச்சாவு: சொல் விளக்கம்

"மூளைச்சாவு அடைந்த இளைஞர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அந்த ஒரே வாக்கியத்தில் ஓர் ஆள் இரண்டு முறை சாகிறார். நம் நாட்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைச்சாவு உறுதியானவர் இறந்தவர்தான்.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. மூளையின் சாவு, மூளைச்சாவு. பிரித்துப் படித்தால் மூளை மட்டும் செத்தது, ஆள் இருக்கிறார் என்று தோன்றும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு மானிட்டரில் இதயத்துடிப்பு வேறு தெரிகிறது, உடம்பிலும் சூடு இருக்கிறது. இதயம் துடிக்க மூளையின் கட்டளை வேண்டியதில்லை. அதற்குள்ளேயே துடிப்பைத் தொடங்கும் முடிச்சு இருக்கிறது. வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை அது சில நாள் துடிக்கும்.

இந்த நிலையே வென்டிலேட்டர் வந்த பிறகு உண்டானதுதான். 1959இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரேயும் கூலோனும் இதைக் 'கோமா டெபாஸே', அதாவது கோமாவையும் கடந்த நிலை என்றார்கள். 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். மாற்ற வேண்டிய இதயம் பெரும்பாலும் இந்த நிலையில் இருப்பவரிடமிருந்தே கிடைக்கும். மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு இந்த நிலைக்கு இலக்கணம் வகுத்தது. அப்போது பரவிய 'பிரெய்ன் டெத்' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்புதான் நம் மூளைச்சாவு.

இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இன்னும் துல்லியமாக மூளைத்தண்டின் சாவு என்கிறது. மூச்சும் விழிப்பும் மூளையின் அடியில் உள்ள அந்தத் தண்டை நம்பியே இருக்கின்றன. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், விழியைப் பஞ்சால் தொடுவார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுவார்கள். கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, நெஞ்சு ஒருமுறையாவது தானாக ஏறுகிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு கூடிய பிறகும் ஏறாவிட்டால், இனி ஏறாது.

இந்தச் சாவை ஒரு நாடு ஏற்கிறதா என்பதைப் பொறுத்தே அங்கே இதய மாற்று வளர்ந்திருக்கிறது. ஜப்பானில் 1968இல் வாடா ஜூரோ என்ற அறுவை நிபுணர் ஓர் இளைஞருக்கு இதயம் மாற்றினார். நோயாளி 83 நாள் வாழ்ந்தார். ஆனால் இதயம் கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற கேள்வி எழுந்து, கொலைப் புகார் வரை போனது. வழக்குத் தொடரப்படவில்லை, என்றாலும் அடுத்த இதய மாற்று 1999இல்தான் நடந்தது. அதற்கும் 1997இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. திறமைக்குக் குறைவில்லாத ஒரு நாடு முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.

இங்கே 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் மருத்துவர் வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தார். தமிழ்நாட்டில் 2008இல் அரசாணைகளும், மருத்துவர்களான பெற்றோர் தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்த நிகழ்வும் சேர்ந்து இந்தச் சொல்லை வீடுதோறும் கொண்டுபோயின. ஆனாலும் அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,000க்கு மேல் நடக்கும் இதய மாற்று, இந்தியாவில் சில நூறைத் தாண்டவில்லை. பலனோ நிரூபணமானது. 1968இல் பெரும்பாலோர் சில வாரம், சில மாதங்களில் இறந்தார்கள். 1980களில், மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகு நிலைமை மாறியது. இன்று நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முதல் ஆண்டைக் கடக்கிறார்கள். பாதிப் பேராவது பத்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்.

சரி, எப்படி எழுதலாம்? துல்லியம் வேண்டிய இடத்தில் 'மூளைத்தண்டுச் சாவு'. மற்ற இடங்களில் மூளைச்சாவு போதும், வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம். கோமாவுக்கு மட்டும் அதைப் போடக் கூடாது. கோமா ஆழ்மயக்கம், அதிலிருந்து மீண்டவர்கள் உண்டு. 'அடைந்தார்' என்ற வினையையும் விட்டுவிடலாம். மாரடைப்பால் இறந்தார் என்கிறோம் அல்லவா? அதேபோல 'மூளைச்சாவால் இறந்தார்' என்றே எழுதலாம்.