லீன் கோடு வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றாதீர்கள்

சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறது. ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, சில நேரம் என்ஜின் அப்படியே அணைந்துவிடுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்ட ஆரம்பித்தால் ஒரு குறையும் தெரிவதில்லை. கூடவே செக் என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்ற பிழைக் கோடு. இந்தப் புகாரோடு என்னிடம் வரும் வண்டிகள் பலவற்றில் ஆக்ஸிஜன் சென்சார் புத்தம் புதிதாக இருக்கும். வேறெங்கோ மாற்றியிருப்பார்கள், லைட் மட்டும் திரும்ப வந்திருக்கும்.

அந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு, அதாவது லீன். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்து வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் சென்சார் ஈசியூவுக்கு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குச் சொல்கிறது. ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, எல்லையைத் தொட்டதும் லைட்டைப் போடுகிறது. இதற்காகச் சென்சாரை மாற்றுவது, கெட்ட சேதி கொண்டுவந்தவனை அடிப்பது போலத்தான்.

பார்க்க வேண்டியது ஃபியூயல் ட்ரிம். ஈசியூ வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. உடனுக்குடன் மாறும் ஷார்ட் டெர்ம் ஒன்று, பழகிப் பழகிப் பதிந்த லாங் டெர்ம் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். என்ஜின் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு) ஒருமுறை, நிறுத்திவைத்தபடியே 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஏன் இரண்டு இடத்தில்? ஐடிலில் காற்றுவழியின் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். என்ஜினுக்குள் நொடிக்கு 3 கிராம் காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு விரிசல் வழியாக, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் கண்ணில் படாமல் இன்னும் அரை கிராம் நுழைகிறது. அளந்த காற்றில் அது சுமார் 17 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் 10 கிராம் போகும்போதும் அதே விரிசல் வழியாக ஏறக்குறைய அதே அரை கிராம்தான் நுழையும். இப்போது அது வெறும் 5 சதவீதம். ஆகவே ஐடிலில் ட்ரிம் எகிறி, 2500-ல் அடங்கிவிட்டால் வேக்கம் லீக்கை, அதாவது அளக்காத காற்று நுழையும் கசிவைத் தேடுங்கள். மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய எம்ஏஎஃப் என்று போக வேண்டும். அந்தப் பக்கக் கோளாறைத் தள்ளிப்போடக் கூடாது, லோடில் லீனாக ஓடும் என்ஜின் பிஸ்டனையே கெடுக்கும்.

எம்ஏஎஃப் இல்லாமல், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரை மட்டும் நம்பி ஓடும் வண்டிகளில் கணக்கு வேறு. லீக்கால் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறுவதைச் சென்சார் பார்த்துவிடும், ஈசியூவும் அதற்கேற்பப் பெட்ரோலைக் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக மாறாது, ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும். இது தெரியாமல் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

சமீபத்தில் வந்த ஒரு வண்டி. சென்சார் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, த்ராட்டில் பாடி சுத்தம் செய்து எல்லாம் ஆகிவிட்டது. ஐடிலில் ஷார்ட் டெர்ம் 9, லாங் டெர்ம் 16, ஆக மொத்தம் 25. 2500-ல் 6. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாக் குழாயும் ஒழுங்காகத்தான் தெரிந்தன. கசிவைக் காட்டப் புகை செலுத்தும் ஸ்மோக் மெஷினை இன்டேக்கில் (காற்று நுழையும் வழியில்) கொடுத்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து மெல்லிய இழையாகப் புகை வந்தது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்விலிருந்து வரும் ரப்பர் எல்போ. ஆயில் ஆவி பட்டுப் பட்டு ஊறிப்போய், வளைவின் அடிப்பக்கம் நகம் அளவுக்குப் பிளந்திருந்தது. கழற்றி மேஜையில் வைத்தால் பிளவு மூடிக்கொள்கிறது, விரலால் அழுத்தினால்தான் வாய் திறக்கிறது. புதியது போட்டு, பழைய ட்ரிம் பதிவை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில் ஐடிலில் 3-க்கு வந்துவிட்டது.

ஸ்மோக் மெஷின் இல்லாவிட்டாலும் கையும் காதும் இருக்கின்றன. குழாய்களைப் பார்ப்பதோடு நிற்காமல் தொட்டு வளைத்துப் பாருங்கள். ஐடிலில் விசில் சத்தம் கேட்டால், டிப்ஸ்டிக்கைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் பிசிவி டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆயில் மூடியும் உள்ளே பலமாக இழுத்துப் பிடித்தபடி இருக்கும். வேக்கத்தின் பலத்தால் பிரேக்கை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை நசுக்கிப் பிடித்ததும் ட்ரிம் இறங்கினால் லீக் பூஸ்டர் பக்கம். ஐடில் உதறலைச் சகித்துக்கொண்டு ஓட்டுவோர் உண்டு, ஆனால் இதை மட்டும் விட்டுவைக்காதீர்கள். பூஸ்டருக்கு வேக்கம் போதாவிட்டால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும்.

கார்புரேட்டர் கிளீனரை அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சுட்டுக்கொண்டிருக்கிறது, பற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் இன்னும் மோசம், சூட்டில் நச்சுவாயுவாக மாறும். மின் இணைப்புகளைத் தவிர்த்து, சந்தேகப்படும் இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தாலே பெரிய லீக் என்றால் சத்தம் மாறுவது தெரியும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டும் இன்ஜெக்டர் ஓ ரிங்கும் குளிர்ந்திருக்கும்போது கசிந்து, சூடானதும் அடைத்துக்கொள்ளும். காலையில் மட்டும் உதறும் வண்டியை மாலையில் சோதித்தால் ஒன்றும் கிடைக்காது. இரவு முழுக்க நிறுத்திவைத்துச் சோதியுங்கள்.

சில நேரம் கலவை லீனாகவே இருக்காது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால், ஐடிலில் புகை விட்டு விட்டுப் போகும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் ஏமாந்துபோகும். சிலிண்டரில் கலவை பற்றாமல் போகும் மிஸ்ஃபயரும் அப்படித்தான்: எரியாத காற்று அப்படியே வெளியேறுவதால் லீன் என்றே பதிவாகும். பி0171-உடன் மிஸ்ஃபயர் கோடும் இருந்தால் பிளக், காயிலை முதலில் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ட்ரிம் சற்று ஏறும், 10 சதவீதக் கலப்புக்குச் சரியான விகிதமே சுமார் 14.1 தான். ஆனால் அந்த ஏற்றம் ஐடிலிலும் 2500-லும் ஒரே மாதிரி இருக்கும்.

பழுதைக் கண்டபின் டேப்பும் சிலிக்கானும் வேண்டாம். ஆயில் பட்டால் உரிந்துவிடும், உரிந்த துண்டு உள்ளே போகும். வீட்டுத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவதும் உதவாது, வேக்கத்தில் சப்பிக்கொள்ளும். ஆயில் தாங்கும் வேக்கம் ஹோஸ்தான் சரி. ஒரு குழாய் பிளந்திருந்தால், அதே வயதுள்ள மற்ற ரப்பர் குழாய்களையும் கையோடு வளைத்துப் பார்த்துவிடுங்கள். சில நாள் ஓட்டியபின் லாங் டெர்ம் ட்ரிம் மறுபடி மெல்ல ஏறுகிறதென்றால் இரண்டாவது லீக் எங்கோ இருக்கிறது.