ஃப்ளையிங் சேஞ்ச்: குதிரையை அவசரப்படுத்தும் முன்

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரஸ்ஸாஜ் அணி (குதிரையின் நடையையும் கட்டுப்பாட்டையும் பார்த்து மதிப்பெண் தரும் போட்டி) தங்கம் வாங்கியதிலிருந்து குதிரைப் பயிற்சிக்கு எங்களிடம் வருபவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பு "எப்போ சார் ஜம்ப் பண்ணும்?" என்பார்கள். இப்போது போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இந்த மாதிரி எப்போ சார் சேஞ்ச் பண்ணும்?" என்கிறார்கள். வீடியோவில் இருப்பது கிராண்ட் பிரீ, அதாவது டிரஸ்ஸாஜின் உச்ச நிலைக் குதிரை. இரண்டு தாவலுக்கு ஒருமுறை என்று 9 முறை, அப்புறம் ஒவ்வொரு தாவலுக்கும் என்று 15 முறை லீட் மாற்றுகிறது. லீட் என்றால் கான்டர் என்ற தாவல் ஓட்டத்தில் முன்னே எட்டிப் போகும் பக்கத்துக் கால். ஓட்டத்தை நிறுத்தாமல், காற்றில் இருக்கும்போதே அதை மாற்றுவதுதான் ஃப்ளையிங் சேஞ்ச். கேட்பவரின் குதிரைக்கோ நான்கு வயது. கான்டரில் ஒரு வட்டம் ஒழுங்காகப் போகாது.

கான்டரின் ஓசையை வாயால் சொல்லிப் பார்த்தால் 'தகிட' என்று வரும். இடது லீட் என்றால் 'த'வில் வலது பின்கால் விழுகிறது. 'கி'யில் இடது பின்காலும் வலது முன்காலும் சேர்ந்து விழுகின்றன. 'ட'வில் இடது முன்கால். அதற்கப்புறம் ஒரு சின்ன மௌனம். நான்கு கால்களும் தரையில் இல்லாத கணம் அது. குதிரை கால்களின் வரிசையை மாற்றிக்கொள்வது அந்த மௌனத்துக்குள்தான். அதனால் நம் கால் சொல்ல வேண்டிய நேரம் 'ட' விழும்போது. குதிரை மேலே எழும்பிய பிறகு சொன்னால் பஸ் போன பிறகு கை காட்டுவது மாதிரிதான். பல பேர் அப்போதுதான் சொல்கிறார்கள். குதிரை கேட்கவில்லை என்று அப்புறம் சாட்டையையும் எடுக்கிறார்கள்.

லீட் மாற்றுவதைக் குதிரைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தாயோடு ஓடும் குட்டி, திரும்பும் இடத்தில் தானே மாற்றிக்கொள்ளும். நம் ரைடிங் ஸ்கூல்களில் பல, ரேஸிலிருந்து ஓய்வுபெற்று வந்த குதிரைகள். வளைவில் லீட் மாற்றி ஓடிப் பழகியவை. ஆனால் அவை மாற்றுவது வேகத்தில், உடலைச் சாய்த்துக்கொண்டு. முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு, நிதானமான கான்டரில், நேர்கோட்டில், கேட்ட கணத்தில் மாற்றுவது வேறு சமாச்சாரம். அதற்குப் பின்கால்களில் பலம் வேண்டும். மனதில் அமைதியும் வேண்டும்.

இதை நான் கற்றது ஐந்து வயதுப் பெண்குதிரை ஒன்றைக் கெடுத்துத்தான். போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. எட்டு வடிவத்தில் ஓட்டி, நடுவில் என் உடம்பை ஒரு பக்கம் வீசி, குச்சியால் ஒரு தட்டு. மாற்றினாள். கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன். லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் அன்றைக்கே சொன்னார், "சார், பின்னாடி ஒரு சத்தம் தனியா கேக்குது." நான் காதில் வாங்கவில்லை. அவள் முன்கால்களை மட்டும் மாற்றிவிட்டு, பின்கால்களை அடுத்த தாவலில்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். நடுவர்கள் 'லேட் பிஹைண்ட்' என்று எழுதும் பிழை அது. ஒவ்வொரு முறையும் நான் தட்டிக் கொடுத்ததால், இதைத்தான் கேட்கிறார்கள் என்று அவளும் உறுதியாகக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது வாரத்தில் மூலைவிட்டக் கோட்டுக்குத் திரும்பினாலே வியர்த்து, கடிவாளத்தை இழுத்துக்கொண்டு பாய ஆரம்பித்தாள். அந்தப் போட்டிக்குப் போகவில்லை.

இப்போது இளம் குதிரை என்றால் முதலில் சேஞ்சைப் பற்றிப் பேசவே மாட்டேன். நடையிலிருந்து நேராகக் கான்டர் எடுக்கிறதா, இரண்டு பக்கமும்? கான்டரிலிருந்து நடுவில் ட்ராட் (மித ஓட்டம்) இல்லாமல் நடைக்கு இறங்குகிறதா? கவுண்டர் கான்டரில், அதாவது வளைவின் வெளிப்பக்க லீட்டிலேயே, வளைவு முழுக்க நிதானமாக வருகிறதா? தாவலைச் சுருக்கவும் நீட்டவும் விடுகிறதா? சிம்பிள் சேஞ்ச், அதாவது கான்டரிலிருந்து நடைக்கு இறங்கி, சில அடி நடந்து, மறு லீட்டில் எடுப்பது, சலிப்பூட்டும் அளவுக்குச் சுலபமாக வர வேண்டும். சர்வதேச இளம் குதிரைப் போட்டிகளிலும் ஃப்ளையிங் சேஞ்ச் ஆறு வயதுக்கான தேர்வில்தான் வருகிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுதாக மூடவே ஐந்து, ஆறு வயது ஆகும் என்பதை நினைத்துக்கொண்டால் அவசரம் கொஞ்சம் குறையும்.

முதல் சேஞ்சைக் குதிரைக்குச் சுலபமான பக்கத்துக்குக் கேட்பேன். எல்லாக் குதிரைக்கும் ஒரு பக்கம் எளிது. எந்த இடத்தில் கேட்பது என்பது குதிரையைப் பொறுத்தது. சிலதுக்கு ஹாஃப் பாஸில், அதாவது முன்னும் பக்கவாட்டுமாக நகர்ந்து, சுவரை நோக்கி வந்து சேரும்போது வரும். சிலதுக்கு வட்டத்தில் கவுண்டர் கான்டரிலிருந்து உள் லீட்டுக்கு. கேட்கும் முன் ஒரு ஹாஃப் ஹால்ட் (ஒரு கணம் தாங்கிப் பிடித்து விடுவது), கழுத்து நேர், அப்புறம் புதிய வெளிக்கால் கொஞ்சம் பின்னே. அவ்வளவுதான். உடம்பை வீசக் கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. சுத்தமாக ஒன்று வந்தால் வாரைத் தளர்த்தி நடக்கவிட்டு இறங்கிவிடுவேன். "இன்னொன்று பார்க்கலாமே" என்ற ஆசைதான் எத்தனையோ நல்ல காலைகளைக் கெடுத்திருக்கிறது. மறுநாள் அதே இடத்தில் கேட்க மாட்டேன். கேட்டால் குதிரை இடத்தை மனப்பாடம் செய்துவிடும்.

இன்னொன்று. கவுண்டர் கான்டரில் போகும்போது இளம் குதிரை தானாக மாற்றிவிட்டால் அடிக்காதீர்கள். பேசாமல் இறக்கி, மறுபடி எடுங்கள். இன்று அதற்கு அடி வாங்கிய குதிரை, ஆறு மாதம் கழித்து நீங்கள் கேட்கும்போது ஏன் மாற்ற வேண்டும்?

பின்கால் தாமதமாவதற்கெல்லாம் பயிற்சிக் குறையே காரணம் என்றும் இல்லை. நன்றாக மாற்றிக்கொண்டிருந்த ஆண்குதிரை ஒன்று, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தாமதித்தது, பின்னால் உதைத்தது. 'திமிர்' என்றார் ஓட்டியவர். மருத்துவர் காலை வளைத்துப் பார்த்தபோது பின்காலின் ஹாக் மூட்டில் வலி. பிரிட்டன் குதிரை மருத்துவர் சூ டைசனின் குழு, சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, மூட்டு, தசையில் வலி இருக்க வாய்ப்பு அதிகம். கான்டரில் தவறான லீட்டில் எடுப்பதும், முன்னோ பின்னோ கால் மாறிப்போவதும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே ஒரு வாரத்துக்கு மேல் இப்படி நடந்தால் குச்சியை வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். சேணம் முதுகில் சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். குதிரை வளர்கிறது, முதுகின் வடிவம் மாறுகிறது. போன வருடச் சேணம் இந்த வருடம் இறுக்கலாம்.

பெண்குதிரை விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் சேஞ்சே கேட்கவில்லை. நடை, கான்டர், நடை, கவுண்டர் கான்டர், அவ்வளவுதான். ஒரு காலை, வெயில் ஏறும் முன், சுவர் ஓரம் கான்டர் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தது. கேட்டேன். என்ன நடந்தது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. லாயத்தில் முதுகைக் காட்டியபடி புல் போட்டுக்கொண்டிருந்த சைஸ் அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "இப்போ ஒரே சத்தம் சார்."